டெலிவரி தேதி கேட்காதீர்கள், மாப்பிள்ளை

மாப்பிள்ளைக்கு,

நேரில் பார்த்தால் டயர் விலையைப் பற்றி மட்டும் இரண்டு மணி நேரம் பேசுகிற மனுஷன், மகள் விஷயத்துக்கு நாலே வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு வரியிலும் நாலு கேள்வி. ஸ்குவாஷில் பேர் வாங்க எத்தனை வருஷம் ஆகும்? மாசம் எவ்வளவு செலவு? நாளைக்கு மெடிக்கல் சீட்டுக்கு உதவுமா? இது பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஆட்டம்தானே? அம்மணிக்கு அந்த ஆட்டம் பிடித்திருக்கிறதா என்று ஐந்தாவதாக ஒரு வரி வரும் என்று பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். காணோம்.

பிடித்திருக்கிறது என்பது எனக்குத் தங்கச்சி மூலம் தெரியும். 2025 டிசம்பரில் சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூவில் கண்ணாடிக் கோர்ட் போட்டு உலகக் கோப்பை நடந்ததே, இறுதி ஆட்டத்தில் ஹாங்காங்கை 3-0 என்று சாய்த்து இந்தியா முதல் தடவையாகக் கோப்பையைத் தூக்கியதே, அன்றைக்கு உங்கள் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தவள்தான். ஜோஷ்னா சின்னப்பா, அனாஹத் சிங், அபய் சிங், வேலவன் செந்தில்குமார் என்று நாலு பேரின் பெயரும் அவளுக்கு இப்போது மனப்பாடம். அதிலிருந்து லாரி பாடி கட்டும் உங்கள் ஷெட் சுவரில் பந்தடி நடக்கிறது. பெயிண்ட் காயாத கேபின் ஒன்றில் பந்து பட்டுத் தடம் விழுந்த கதையும் என் காதுக்கு வந்துவிட்டது. அந்தக் கோபத்தையும் மறக்காமல் செலவுக் கணக்கில் சேர்த்திருப்பீர்கள்.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்து வழி கேட்டால் வழி தெரியாது. அந்த வெளிச்சத்தில் கால் எங்கே வைத்தார்கள் என்பது கண்ணில் படாது. ஆடி முடித்து ஒதுங்கிய ஒருவரின் பாதையைத்தான் பின்னால் நின்று நிதானமாகப் பார்க்க முடியும். அதனால் உங்களுக்கு சவுரவ் கோஷலைப் பற்றி எழுதுகிறேன். 1986இல் கொல்கத்தாவில் பிறந்தவர். சென்னைக்கு வந்து பயிற்சி எடுத்தவர். உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்த முதல் இந்திய ஆண். 2024 ஏப்ரலில், 37 வயதில், தொழில்முறைச் சுற்றிலிருந்து விலகுவதாக அறிவித்தார். நாட்டுக்காக ஆடும் ஆசை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்றும் அப்போது சொன்னார். சென்னையில் வேலையில் இருந்த காலத்தில் நேரு பார்க் ஸ்குவாஷ் அகாடமி பக்கம் போய்வந்த பழக்கத்தில் இந்த ஆட்டத்தை நான் பின்தொடர்ந்தே வருகிறேன். அதனால் பத்திரிகைக்காரத்தனமாக இல்லாமல் கொஞ்சம் உரிமையோடு பேசலாம்.

முதலில் அந்த “எத்தனை வருஷம்” கேள்வி. உங்கள் ஷெட்டுக்குள் ஒரு சேசிஸ் வந்து நின்றால், சுற்றி வந்து பார்த்துவிட்டு, பாடி கட்டி முடித்துத் தருகிற தேதியை அங்கேயே சொல்லிவிடுவீர்கள். சொன்ன தேதியில் கொடுத்தும் விடுவீர்கள். பிள்ளை விஷயத்திலும் அப்படி ஒரு டெலிவரி தேதி எதிர்பார்க்கிறீர்கள். சவுரவ் கோஷல் 2004 ஜனவரியில் பிரிட்டிஷ் ஜூனியர் ஓபன் போட்டியில் 19 வயதுக்கு உட்பட்டோர் பட்டத்தை வென்றார். ஜூனியர் பிரிவில் உலக முதலிடத்துக்கு வந்த முதல் இந்தியரும் அவர்தான். நீங்களாக இருந்தால் அன்றைக்கே முட்டைக் கடைப் பக்கம் பிளெக்ஸ் வைத்து, “இன்னும் மூணு வருஷத்தில் உலக சாம்பியன்” என்று எழுதியிருப்பீர்கள். பெரியவர்கள் தரவரிசையில் அவர் 10ஆம் இடத்துக்கு வந்தது எப்போது தெரியுமா? 2019 ஏப்ரலில். நடுவில் பதினைந்து வருஷம். 17 வயதுப் பையன் 32 வயது ஆளாகிவிட்டான்.

பதினைந்து வருஷம் என்றதும் உங்களுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும் என்று தெரியும். உங்கள் ஊர்க் காற்று அப்படி. தமிழ்நாடு முழுக்க இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிகளில் விட்டுவிட்டு, இரண்டு வருஷம் கழித்து மார்க் ஷீட்டோடு கூட்டிப்போனதைப் பார்த்தே வளர்ந்தவர் நீங்கள். இத்தனை மாசம் உள்ளே, இத்தனை மார்க் வெளியே என்பதுதான் உங்களுக்குத் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கில் எனக்குப் பகை ஒன்றும் இல்லை, உங்கள் தம்பி டாக்டரானதே அதில்தான். ஆனால் இந்த ஆட்டத்தில் அது செல்லாது. பதினேழு வயதில் உச்சத்தில் நின்றவரே பிறகு பதினைந்து வருஷம் ஏணியில் ஒவ்வொரு படியாக மிதிக்க வேண்டியிருந்தது. நடுவில் 2013இல் மான்செஸ்டரில் உலக சாம்பியன்ஷிப் கால் இறுதி வரை போனார். அங்கே போன முதல் இந்தியரும் அவரே. அதற்குப் பிறகும் பத்தாம் இடம் வர ஆறு வருஷம்.

“சரி, அத்தனை வருஷத்தில் எத்தனை ஜெயித்தார்?” என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். ஓய்வை அறிவிக்கும் வரை தொழில்முறைச் சுற்றில் அவர் வென்ற பட்டங்கள் 10. இருபது வருஷத்துக்கு மேல் ஆடியவருக்குப் பத்து. இதைக் குறைவு என்று நினைத்து உதட்டைப் பிதுக்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். நாக்-அவுட் போட்டியில் கோப்பையோடு போகிற ஒருவரைத் தவிர மற்ற அத்தனை பேரும் தோற்றுத்தான் பெட்டி கட்டுகிறார்கள். அப்படியானால் உலகத்தின் பத்தாவது ஆட்டக்காரரும் ஏறக்குறைய ஒவ்வொரு போட்டியிலும் கடைசியில் தோற்றுத்தான் விமானம் ஏறியிருக்கிறார். கெய்ரோவோ சிகாகோவோ, தோற்ற மறுநாள் காலையில் எழுந்து காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு மறுபடி ஓட வேண்டும். இந்தத் தொழிலின் பெரும்பகுதி அதுதான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நீங்கள்தான். பள்ளிக்கூடக் கேரம் போட்டியில் அம்மணி தோற்றதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாதவர் நீங்கள். “நான் எங்கே கோபப்பட்டேன், அமைதியாகத்தானே இருந்தேன்” என்று சொல்வீர்கள். அந்த அமைதி என்ன அமைதி என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

உங்களுக்காகவே 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுக் கதையை வைத்திருக்கிறேன். தனிநபர் இறுதி ஆட்டம், எதிரே குவைத்தின் அப்துல்லா அல் முசாயின். கோஷல் முதல் செட்டை 12-10 என்று எடுத்தார். இரண்டாவதை 11-2 என்று துடைத்து எறிந்தார். தங்கம் கைக்கெட்டும் தூரம். மூன்றாவது செட் 12-14 என்று நழுவியது. நாலாவது 8-11. ஐந்தாவது 9-11. வெள்ளிதான் கிடைத்தது. இந்தியாவின் ஸ்குவாஷ் வரலாற்றில் இப்படிக் கையில் இருந்து வழுக்கிப்போன தங்கம் வேறு இருக்குமா தெரியாது என்று அப்போது எல்லாரும் புலம்பினோம். நீங்கள் அவருக்கு அப்பாவாக இருந்திருந்தால் ஊர் திரும்பும் வழி முழுக்கக் காரில் மூன்றாவது செட்டைப் பற்றிப் பாடம் நடத்தியிருப்பீர்கள்.

அவருக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. நாலே நாளில் அணிப் போட்டியின் இறுதி ஆட்டம், மலேசியாவோடு. முதலில் ஹரிந்தர் பால் சந்து ஜெயித்துக் கொடுத்தார். அடுத்து கோஷல், எதிரே மலேசியாவின் பழுத்த ஆட்டக்காரர் ஓங் பெங் ஹீ. அதுவும் ஐந்தாவது செட்டுக்குப் போனது. போன இறுதி ஆட்டத்தில் 9-11 என்று தோற்ற அதே ஐந்தாவது செட். இம்முறை 11-9. ஆசிய விளையாட்டு ஆண்கள் அணிப் பிரிவில் இந்தியாவுக்கு முதல் தங்கம் இப்படித்தான் வந்தது. நாலு நாளுக்குள் ஒரு மனுஷன் மனசை எப்படித் தேற்றிக்கொண்டான் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. பெற்றவர்கள் யாரும் காரில் பாடம் எடுக்கவில்லை என்று மட்டும் நானாக ஊகித்துக்கொள்கிறேன்.

இப்போது பணக்கார ஆட்டம் என்ற கேள்வி. அதில் பாதி சரி. இங்கிலாந்தில் ஹாரோ பள்ளியில் பிறந்து, வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு கப்பலேறி வந்து, இங்கே கிளப்புகளுக்குள் உட்கார்ந்துகொண்ட ஆட்டம். கோஷல் ஆடத் தொடங்கிய கல்கத்தா ராக்கெட் கிளப் 1793இல் தோன்றியது. நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கு அந்தப் பக்கத்துக் காற்று அதிகம் அடிக்கவில்லை. சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகி ஆஸ்திரேலியா வரை போனார். பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016இல் ரியோவில் தங்கம் தாண்டினார். அவர்களுக்குத் தொடங்குவதற்கு ஒரு பொட்டல் போதுமாக இருந்தது. ஸ்குவாஷுக்கு நாலு சுவர் வேண்டும், வழவழப்பான பூச்சு வேண்டும், மரத்தரை வேண்டும். 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம். ஷெட் சுவரில் அடித்துக் கண்ணும் கையும் பழகலாம், ஆட்டம் பழக முடியாது.

மீதிப் பாதிக்கு ஹாஷிம் கானைக் கேட்க வேண்டும். பெஷாவர் பக்கம் நவாகில்லே என்கிற கிராமம். அப்பாவுக்கு வெள்ளை அதிகாரிகளின் கிளப்பில் வேலை. பையன் பந்து பொறுக்கிப் போட்டவன். அதிகாரிகள் வெயிலுக்கு ஒதுங்கிய நேரத்தில் தானே தனியாக ஆடிப் பழகினான். அவன் 1951இல் பிரிட்டிஷ் ஓபனை வென்றபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தான், அதற்குப் பிறகு இன்னும் ஆறு தடவை வென்றான். அதே கிராமத்து வேரிலிருந்து வந்தவர்தான் பத்து பிரிட்டிஷ் ஓபன்களைத் தொடர்ச்சியாக அள்ளிய ஜஹாங்கிர் கான். ஆக, பணம் இல்லாவிட்டாலும் கோர்ட் பக்கத்தில் இருந்தால் வழி உண்டு. உங்களுக்குப் பணமும் ஓரளவு இருக்கிறது, கோர்ட்தான் தூரம். லாரி வைத்திருப்பவர் தூரத்தைப் பற்றிப் புலம்பக் கூடாது.

ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கேலரியில் உட்கார்ந்து முழிக்காமல் இருக்க. டென்னிஸிலும் பாட்மிண்டனிலும் நடுவில் வலை இருக்கும், எதிராளி அந்தப் பக்கம். இங்கே வலை கிடையாது. இரண்டு பேரும் ஒரே பெட்டிக்குள். உன்னைத் தோற்கடிக்க வந்தவளின் மூச்சு உன் கழுத்தில் படும். அப்படியும் அவள் பந்துக்குப் போக நீ வழிவிட்டுத்தான் ஆக வேண்டும். மறித்தால் நடுவர் புள்ளியை அவளுக்கே கொடுத்துவிடுவார். பெரியவர்கள் ஆடும் பந்தில் இரண்டு மஞ்சள் புள்ளி இருக்கும். அது சூடேறாமல் எழும்பாது. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து அடித்து அதைச் சூடேற்றுவார்கள். எதிராளியோடு சேர்ந்து பந்தைத் தயார் பண்ணுகிற ஆட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கோஷல் உருவத்தில் பெரிய ஆள் இல்லை. மூலையில் செத்துக் கிடக்கிற பந்தையும் ஓடிப்போய் எடுக்கிற கால்தான் அவருடைய சொத்து. எதிராளி “முடிந்தது” என்று நினைத்த பந்து திரும்பி வந்துகொண்டே இருக்கும். பார்க்கிற நமக்கே மூச்சு வாங்கும்.

சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்று தங்கச்சி இப்போதே கலங்குகிறாளாம். பதினொரு வயதுப் பிள்ளையை யார் அனுப்பச் சொன்னது? கோஷல் கொல்கத்தாவிலிருந்து சென்னை அகாடமிக்கு வந்து மேஜர் மணியம், சைரஸ் போஞ்சா இருவரிடமும் பயிற்சி எடுத்தது அடித்தளம் எல்லாம் ஊரிலேயே போட்ட பிறகு. உங்களுக்கு அந்த நேரு பார்க் ஒரு ராத்திரிப் பயணம். வங்காளத்திலிருந்து ஒருவன் வந்து தங்கிய இடத்துக்கு இப்போதைக்கு லீவு நாளில் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தால் போதும்.

மெடிக்கல் சீட்டு. மாப்பிள்ளை, இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் விளையாட்டுக்காரர்களுக்கு ஒதுக்குகிற இடங்கள் மாநிலம் முழுவதற்குமே விரல்விட்டு எண்ணக் கூடியவை. நீட் எழுதாமல் அதிலும் நுழைய முடியாது. அந்தச் சீட்டுக்காகக் கோர்ட்டில் விடுவதற்கு நேராக உங்கள் ஊர் விடுதியிலேயே விட்டுவிடுங்கள், செலவு மிச்சம். அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, உண்மை. அமெரிக்கா போகலாமே என்று யாராவது காதில் ஓதியிருப்பார்கள். வேலவன் செந்தில்குமார் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து அந்த அணிக்கு ஆடியவர்தான். ஆனால் ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. உங்கள் வருமான வரிக் கணக்கைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட நீங்கள் தயாரா?

படிப்பை விட வேண்டாம், அதுவும் கோஷல் கதையிலேயே இருக்கிறது. அவர் இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் மேலாண்மையும் படித்தார். பக்கத்தில் பான்டிஃப்ராக்ட் என்கிற சின்ன ஊரில் மால்கம் வில்ஸ்ட்ராப் என்ற பயிற்சியாளரிடம் ஆடப் போவார். மால்கமின் மகன் ஜேம்ஸும் அங்கேயே பழகியவர், பின்னாளில் உலக முதலிடத்தில் இருந்தவர். 2021இல் மால்கம் காலமானார். அடுத்த வருஷம் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் வெண்கலத்துக்கான ஆட்டம். கோஷலுக்கு எதிரே வந்து நின்றது ஜேம்ஸ் வில்ஸ்ட்ராப். முந்தைய போட்டியில் தங்கம் வாங்கியவர், சொந்த நாடு, சொந்தக் கூட்டம். கோஷல் 3-0 என்று ஜெயித்தார். காமன்வெல்த் தனிநபர் ஸ்குவாஷில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். ஜெயித்துவிட்டு அழுதார். அது என்ன அழுகை என்று நான் விளக்கப் போவதில்லை. உங்கள் கைபேசியில் அந்தக் காட்சி கிடைக்கும், அம்மணியோடு உட்கார்ந்து பாருங்கள்.

பணத்தைப் பற்றி ஒரே விஷயம். டென்னிஸ் மாதிரி இதில் காசு புரளாது. பெண் பிள்ளைக்கு அதிலும் குறைத்துக் கொடுத்தார்கள். சென்னைக்காரர் தீபிகா பள்ளிக்கல் இந்தக் காரணத்துக்காகவே 2012 முதல் தேசிய சாம்பியன்ஷிப்புக்குப் போகாமல் இருந்தார். ஆண்களுக்குச் சமமாகப் பரிசுத்தொகை வந்த பிறகு, 2016இல் திரும்ப வந்து பட்டத்தையும் வாங்கினார். இரட்டைக் குழந்தைகள் பிறந்து சில மாதங்களில், 2022இல் கிளாஸ்கோவில் நடந்த உலக இரட்டையர் போட்டியில் கோஷலோடு ஒரு தங்கம், ஜோஷ்னாவோடு ஒரு தங்கம். உங்கள் அம்மா “கல்யாணம் ஆனால் எல்லாம் நின்றுபோகும்” என்று பேச்சை எடுத்தால் சொல்லிவைக்க ஒரு பதில் ஆயிற்று.

ஒலிம்பிக்ஸ் என்ற வார்த்தையை நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனசுக்குள் அது ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். கோஷல் ஆடிய காலம் முழுக்க ஸ்குவாஷ் ஒலிம்பிக்ஸ் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது, திறக்கவில்லை. 2023 அக்டோபர் 5 அன்று ஹாங்சோ ஆசியப் போட்டியில் மலேசியாவின் இங் இயன் யோவிடம் தோற்று இன்னொரு வெள்ளி வாங்கினார். அதற்கு ஐந்து நாள் முன்னால்தான் பாகிஸ்தானைத் தோற்கடித்து அணிக்கான தங்கம். அன்றைக்கு அவர் தன் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுக்க, கடைசி ஆட்டத்தில் அபய் சிங் தோல்வியின் விளிம்பிலிருந்து இழுத்து வந்து 12-10 என்று முடித்தார். அந்த வெள்ளிக்குப் பதினோரு நாள் கழித்து, அக்டோபர் 16 அன்று, மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் ஸ்குவாஷைச் சேர்த்தது. அந்தப் போட்டி நடக்கும்போது அவருக்கு 42 ஆகச் சில வாரங்கள்தான் இருக்கும். ஆறு மாசத்தில் அவர் ஓய்வை அறிவித்தார். இதைக் கேட்டு “ஐயோ பாவம், வீணாகிப் போனானே” என்று நீங்கள் உச்சுக்கொட்டினால், இதுவரை எழுதியதை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று உத்தரவு போடுவேன்.

இனி செய்ய வேண்டியது. பக்கத்தில் கோர்ட் உள்ள பள்ளியோ கிளப்போ எங்கே என்று உங்கள் டிரைவர்களையே விசாரிக்கச் சொல்லுங்கள், ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். கிடைத்தால் லீவில் பத்து நாள் ஆட விடுங்கள். நீங்கள் வெளியே டீக்கடையில் இருங்கள், கண்ணாடிக்குப் பின்னால் நின்று கை காட்டாதீர்கள். பதினோராவது நாளும் அவளே ஷூவை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தால், எனக்குப் போன் பண்ணுங்கள், அடுத்ததைப் பேசலாம். ராக்கெட் விலை கூடினதாக வாங்க வேண்டாம். தொடங்குகிறவர்களுக்கு நன்றாக எழும்புகிற பெரிய பந்து தனியாக உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். ஷூ, தரையில் தடம் விழாத அடி உள்ளதாக இருக்க வேண்டும். ஸ்குவாஷ் பந்து 40 மில்லிமீட்டர்தான், கண் குழிக்குள் சரியாகப் போய் உட்காரும் அளவு. அதனால் கண்ணுக்குப் போடும் காப்புக் கண்ணாடியை மட்டும் பேரம் பேசாமல் வாங்குங்கள். உலக சம்மேளனத்தின் ஜூனியர் போட்டிகளிலேயே அது கட்டாயம். “ஒரு நாளைக்குத்தானே” என்று அது இல்லாமல் உள்ளே விட்டீர்களென்றால், கேபினில் விழுந்த தடத்துக்கு வாடிக்கையாளரிடம் நீங்கள் சொன்ன காரணத்தைத் தங்கச்சியிடம் நானே போட்டுக்கொடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் மச்சான்
சேலம்